கில்மன் தெருவின் தடையும் கிரீன் டேயின் மெட்டும்

கிரீன் டேயின் 'பாஸ்கெட் கேஸ்' பாட்டின் தொடக்கத்தில் ஒரு குரலும் ஒரு கிட்டாரும் மட்டுமே இருக்கின்றன. உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள்மேல் அழுத்தி வைத்துக்கொண்டே மீட்டுவதால், கிட்டாரின் ஒலி பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவரின் குரல்போல அடைபட்டு வருகிறது. பாடுகிறவனுக்குத் தன் மனநிலைமீதே சந்தேகம். பல்லவி வந்ததும் உள்ளங்கை விலகுகிறது, பேஸ் கிட்டார் சேர்கிறது, டிரம்ஸ் உருண்டு வந்து விழுகிறது. மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இசை தெரிந்தவர்கள் இன்னொன்றையும் கவனிப்பார்கள். இந்தப் பாட்டின் கார்ட்ஸ் நகரும் வரிசை, மேலை நாட்டுத் திருமணங்களில் இன்றும் வாசிக்கப்படும் பாகெல்பெலின் 'கேனன்' நகரும் வரிசையை ஒட்டியது. பதற்றத்தில் மூச்சு முட்டுகிற ஒருவனின் கதை, உலகத்தின் மிக அமைதியான மெட்டுகளில் ஒன்றின் எலும்புக்கூட்டின் மேல் நிற்கிறது.

கிரீன் டே குழுவை முப்பது ஆண்டுகளாகச் சுற்றிவரும் கேள்வி இதைப் பற்றியது அல்ல. அவர்கள் பங்க் குழுதானா, பங்க்கைச் சந்தையில் விற்றுவிட்டுப் போனவர்களா என்பதே அந்தக் கேள்வி. இதற்கான விடையை ஒப்பந்தத் தாள்களிலும் விற்பனைக் கணக்கிலும் தேடியவர்கள் அதிகம். பாட்டுகளுக்குள் தேடியவர்கள் குறைவு. பாட்டுகளைக் கேட்டு விடை தேடினால் கிடைப்பது வேறு சித்திரம்.

முதலில் ஊர். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நிழலில் இருக்கும் சிற்றூர் ரோடியோ. குழுவின் பாடகரும் கிட்டார் வாசிப்பவருமான பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் 1972இல் பிறந்து அங்கே வளர்ந்தவர். அப்பா லாரி ஓட்டுநர், ஜாஸ் டிரம்ஸும் வாசித்தவர். 1982 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தபோது மகனுக்குப் பத்து வயது. அம்மா உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். அவர் வாங்கிக் கொடுத்த நீல நிற ஃபெர்னாண்டஸ் கிட்டார் உடம்பெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டு இன்றைக்கும் மேடை ஏறுகிறது. பள்ளித் தோழன் மைக் டர்ன்ட்டுடன் சேர்ந்து 'ஸ்வீட் சில்ட்ரன்' என்ற பெயரில் தொடங்கிய குழு, 1989இல் பெயரை மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு ட்ரே கூல் டிரம்ஸுக்கு வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து குழுவின் மையம் அதே மூவர்தான். ராக் உலகில் அப்படி நிலைத்த குழுக்களை விரல் விட்டு எண்ணலாம்.

அடுத்தது கில்மன் தெரு. பெர்க்லியில், 924ஆம் எண் கட்டடத்தில், 1986 டிசம்பர் 31 அன்று ஓர் இசைக்கூடம் தொடங்கியது. எந்த வயதினரும் வரலாம், மதுவும் போதைப்பொருளும் கூடாது, அடிதடி கூடாது; இனவெறிக்கும் பெண் வெறுப்புக்கும் ஓரினச் சேர்க்கையாளர் வெறுப்புக்கும் இடமில்லை. நுழைவாயில் முதல் ஒலிப்பலகை வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பதினாறு, பதினேழு வயதில் வீட்டில் இருக்கப் பிடிக்காத பிள்ளைகளுக்கு அது இரண்டாவது வீடாக இருந்தது. ஆபரேஷன் ஐவி போன்ற குழுக்கள் வளர்ந்த மேடையும் அதுவே. கிரீன் டேயின் முதல் ஆல்பங்களை வெளியிட்ட 'லுக்கவுட்' நிறுவனத்தை நடத்திய லாரி லிவர்மோர் இந்த வட்டத்துக்காரர். ட்ரே கூல் பன்னிரண்டு வயதில் டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கியது லிவர்மோரின் குழுவில்தான்.

கில்மனுக்கு இன்னொரு விதியும் இருந்தது: பெரிய இசை நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்ட குழுவுக்கு மேடை கிடையாது. 1993இல் கிரீன் டே, வார்னர் குடும்பத்தைச் சேர்ந்த 'ரிப்ரைஸ்' நிறுவனத்துடன் கையெழுத்திட்டது. கதவு மூடிக்கொண்டது.

இந்தத் தடையை வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அதற்குப் பின்னால் கணக்கு இருந்தது. இசைப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி அதே 1993இல் 'பாஃப்லர்' இதழில் எழுதிய கட்டுரை, ஒரு கற்பனைக் குழுவின் வரவு செலவை வரி வரியாகப் போட்டுக் காட்டியது. நிறுவனத்தின் முன்பணம், தயாரிப்பாளரின் பங்கு, வழக்கறிஞரின் பங்கு, வேன், கருவிகள், வீடியோ என்று ஒவ்வொன்றாகக் கழித்து முடித்தபோது, இசைத்தொழிலுக்குப் பல லட்சம் டாலர் சம்பாதித்துக் கொடுத்த அந்தக் குழுவின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மிஞ்சியது ஏறத்தாழ 4,000 டாலர். மளிகைக் கடையில் வேலை பார்த்திருந்தால் அதைவிட அதிகம் கிடைத்திருக்கும் என்று காட்டினார் அல்பினி. கில்மனை நிறுவியவர்களில் ஒருவரான டிம் யோஹானன் நடத்திய 'மேக்சிமம் ராக்அண்ட்ரோல்' இதழும் இதே எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. தாங்களே தட்டுமுட்டு வேலை செய்து கட்டிய ஓர் உலகத்தைப் பெருநிறுவனங்கள் ஒரே கோடையில் விலைக்கு வாங்கிவிடும் என்ற அச்சம் மெய்யானது.

ஆனால் அச்சம் ஒரு கட்டத்தில் வெறியானது. 1994 மே மாதம், டெட் கென்னடிஸ் குழுவின் முன்னாள் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா கில்மனுக்கு வந்தபோது, 'விலைபோனவன்' என்று கத்திக்கொண்டே சிலர் அவரை அடித்துக் காலை உடைத்தார்கள். பியாஃப்ரா பெருநிறுவனத்துடன் ஒப்பந்தமே போடாதவர். தன் சொந்தச் சிறு நிறுவனத்தில் இசைத்தட்டு வெளியிட்டவர். குற்றச்சாட்டு பாட்டை விட்டும் மனிதரை விட்டும் எவ்வளவு தூரம் விலகிப் போயிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சரி, கையெழுத்துப் போட்ட பிறகு இசையில் என்ன மாறியது? இதைச் சோதிக்க நேரான வழி ஒன்று இருக்கிறது. 'வெல்கம் டு பாரடைஸ்' என்ற பாட்டை அவர்கள் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார்கள். லுக்கவுட் வெளியிட்ட 'கெர்ப்ளங்க்' ஆல்பத்தில் ஒன்று, ரிப்ரைஸ் வெளியிட்ட 'டூக்கி'யில் மற்றொன்று. வீட்டை விட்டு வெளியேறி, மேற்கு ஓக்லாந்தின் பாழடைந்த பகுதியில் ஒண்டிக்கொண்ட இளைஞனின் பாட்டு அது. முதலில் பயம், பிறகு பழக்கம், கடைசியில் அந்தக் குப்பைமேடே தன் ஊர் என்ற பெருமை. இரண்டு பதிவுகளிலும் மெட்டு அதே, அமைப்பு அதே. நடுவில் குரல் ஓய்ந்து, கிட்டாரும் பேஸும் படிப்படியாக இருட்டுக்குள் இறங்கி, டிரம்ஸ் மெல்ல மெல்லச் சூடேற்றும் அந்தக் கருவியிசைப் பகுதியும் அப்படியே இருக்கிறது. மாறியது ஒலிப்பதிவின் தெளிவு மட்டுமே. முதல் பதிவில் மூன்று கருவிகளும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்ததுபோல் ஒலிக்கும். இரண்டாவதில் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இருக்கிறது.

அந்தத் தெளிவுக்குக் காரணமானவர்கள் இருவர். ஒருவர் தயாரிப்பாளர் ராப் கவாலோ. குழுவுடன் உட்கார்ந்து பீட்டில்ஸ் பாட்டுகளை வாசித்துக் காட்டியே அவர்கள் நம்பிக்கையைப் பெற்றவர். மற்றவர் ஒலிக்கலவை செய்த ஜெர்ரி ஃபின். பெர்க்லியின் ஃபேன்டசி ஒலிக்கூடத்தில் சில வாரங்களில் பதிவான ஆல்பத்தின் முதல் கலவை யாருக்கும் திருப்தி தரவில்லை. மறுபடி கலக்கப்பட்டதுதான் 1994 பிப்ரவரி 1 அன்று கடைக்கு வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து பிளிங்க்-182 குழுவின் 'எனிமா ஆஃப் த ஸ்டேட்' ஆல்பத்தைத் தயாரித்தவரும் இதே ஜெர்ரி ஃபின்தான். பாப்-பங்க் என்று இன்று காது அடையாளம் காணும் ஒலியில் பெரும்பகுதி அவர் கைவண்ணம்.

'டூக்கி' ஏன் இன்னும் தேயவில்லை என்று விளங்கிக்கொள்ள அதன் கட்டுமானத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பங்க் கிட்டாரில் பெரும்பாலும் ஒலிப்பது 'பவர் கார்ட்'. அதில் இருப்பவை இரண்டே சுரங்கள், சட்ஜமும் பஞ்சமமும். இது மகிழ்ச்சியான பாட்டா சோகமான பாட்டா என்று தீர்மானிக்கும் காந்தாரம் அதில் கிடையாது. பெருக்கியின் இரைச்சலில் மூன்றாவது சுரம் சேர்ந்தால் ஒலி கலங்கிவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். ஆக, அந்த இடம் காலியாக நிற்கிறது. அங்கே எந்தச் சுரத்தைக் கொண்டுவந்து வைப்பது என்ற முழு அதிகாரமும் பாடுகிறவர் கையில். பல பங்க் பாடகர்கள் அந்த இடத்தில் கத்தினார்கள். ஆம்ஸ்ட்ராங் பாடினார். கிட்டார் கடுமையாகவே இருக்க, பாட்டு இனிமையாக மாறும் ரகசியம் இங்கே இருக்கிறது. இனிமையைக் கடுமையின்மேல் பூசவில்லை. கடுமை விட்டுவைத்த காலியிடத்தில் அது வந்து உட்காருகிறது.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் கிரீன் டே அல்லர். நியூயார்க்கின் ரமோன்ஸ் 1976இலேயே அறுபதுகளின் பாப் மெட்டுகளை இரட்டை வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் அதில் காதல் தோல்வியைக் கலந்தது. கலிபோர்னியாவின் டிசென்டன்ட்ஸ் 1982இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பே, பாடகர் மைலோ ஆக்கர்மன் கல்லூரிக்குப் போவதைச் சொல்வது; அவர் பின்னாளில் உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளராகவும் பணியாற்றினார். மினியாபொலிஸின் ஹஸ்கர் டூவும் ரிப்ளேஸ்மென்ட்ஸும் ஆம்ஸ்ட்ராங் பெயர் சொல்லிப் போற்றும் முன்னோடிகள். 2002இல் ரமோன்ஸுக்கு ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தபோது அவர்கள் பாட்டுகளை மேடையில் வாசித்தது கிரீன் டே.

ஆனால் முன்னோடிகள் எவரிடமும் இல்லாத ஒன்று இந்த மூவரிடம் இருந்தது. அது மைக் டர்ன்ட்டின் பேஸ். பங்க் குழுக்களில் பேஸ் கிட்டார் பெரும்பாலும் கிட்டாரின் அடிச்சுரத்தையே பிடித்துக்கொண்டு ஓடும். டர்ன்ட் தனி மெட்டு வாசிக்கிறார். 'லாங்வியூ' பாட்டின் சரணம் முழுக்க கிட்டார் வாய் திறப்பதில்லை. ட்ரே கூலின் டிரம்ஸ் நொண்டியடிக்கும் நடையில் உருள, பேஸ் மட்டும் ஏறி இறங்கிக் கதை சொல்கிறது. வேலையில்லை, பணமில்லை, தொலைக்காட்சியில் பார்க்க எதுவுமில்லை, செய்ய மிஞ்சியிருப்பது சுய இன்பம் ஒன்றுதான். சலிப்பின் சோம்பல் நடை முழுவதும் அந்த பேஸில் இருக்கிறது. பல்லவியில் கிட்டார் பாய்ந்து வரும்போது, சோபாவிலிருந்து ஒருவன் துள்ளி எழுவதைக் கேட்கலாம். அடுத்த சரணத்தில் மறுபடி விழுந்துவிடுகிறான். இந்தப் பாட்டின் வீடியோவை அவர்கள் அப்போது தங்கியிருந்த பெர்க்லி நிலவறை வீட்டிலேயே எடுத்தார்கள்.

இனி, பாட்டுகளின் பொருள். கிரீன் டேயைப் பற்றிய பழைய விமர்சனங்களில் கிட்டத்தட்ட எவருமே பேசாத பகுதி இது. 'பாஸ்கெட் கேஸ்' எழுதியபோது தன்னைப் பிடித்து ஆட்டுவது எது என்று ஆம்ஸ்ட்ராங்குக்குத் தெரியாது. பீதிக் கோளாறு என்று மருத்துவர்கள் சொன்னது சில ஆண்டுகள் கழித்து. மனநலம் என்ற பேச்சே இளைஞர் இசையில் அரிதாக இருந்த காலத்தில், அந்தப் பாட்டின் நாயகன் மனநல மருத்துவரிடம் போகிறான், பிறகு பாலியல் தொழிலாளியிடம் போகிறான். அந்தத் தொழிலாளியை ஆம்ஸ்ட்ராங் ஆண்பாலில் குறிப்பிடுகிறார். அமெரிக்க வானொலிகள் நாள் முழுக்க ஒலிபரப்பிய பாட்டு இது. இந்தப் பாட்டு இடம்பெற்ற 'டூக்கி'யிலேயே உள்ள 'கமிங் கிளீன்' ஒன்றரை நிமிடப் பாட்டு. பதினேழு வயதில் தன் பாலீர்ப்பைத் தானே உணர்ந்து, பெற்றோரிடம் சொல்ல முடியாமல் தவிக்கும் பையனைப் பற்றியது. தான் இருபாலீர்ப்பு உடையவர் என்பதை ஆம்ஸ்ட்ராங் 1995இல் 'அட்வகேட்' இதழின் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். 'ஷீ' பாட்டு பிறந்தது தோழி ஒருத்தி காட்டிய பெண்ணியக் கவிதையிலிருந்து. ஆண் திமிரையே முதலீடாகக் கொண்டிருந்த ராக் மேடையில் பயம், வெட்கம், குழப்பம் ஆகியவற்றைப் பாட ஒரு பையன் துணிந்தான். அதை ஆயிரக்கணக்கான பையன்கள் சேர்ந்து பாடினார்கள் என்பதுதான் 'டூக்கி'யின் உண்மையான சாதனை.

வெளிப்பார்வைக்குத் தெரிந்தது சேறு. 1994 ஆகஸ்டில் நடந்த உட்ஸ்டாக் விழாவில் ரசிகர்கள் மேடைமேல் சேற்றை வாரி எறிய, குழு திருப்பி எறிந்தது. மேடையேறிய ரசிகர் என்று நினைத்து ஒரு காவலர் டர்ன்ட்டைக் கீழே தள்ளியதில் அவர் பல் உடைந்தது. அடுத்த மாதம் பாஸ்டனில் இலவசக் கச்சேரிக்குக் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், சில பாட்டுகளோடு நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. 1999இல் 'டூக்கி'க்கு டைமண்ட் சான்றிதழ் கிடைத்தது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகள்.

அதே 1994இல் நடந்த இன்னொன்று இந்தச் சேற்றில் மறைந்துவிட்டது. கிரீன் டே தன் சுற்றுப்பயணத்தில் முன்னதாக வாசிக்க அழைத்துச் சென்ற குழு பேன்சி டிவிஷன், ஓரினச் சேர்க்கையாளர்களின் பங்க் குழு. பாட்டுகளில் எதையும் மூடி மறைக்காதவர்கள். நடுத்தர அமெரிக்காவின் பதினைந்து வயதுப் பையன்கள் கூடிய அரங்குகளில் அவர்களுக்கு ஏச்சு கிடைத்தது, நாணயங்கள் பறந்து வந்தன. கிரீன் டே அவர்களை விட்டுக்கொடுக்கவில்லை. கில்மனின் கதவில் எழுதியிருந்த விதிகளை, கில்மனை அறியாத ஊர்களுக்கு எடுத்துச் சென்றவர்கள் கில்மன் வெளியே தள்ளியவர்களே.

மற்றவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே வட்டாரத்தின் ஜாபிரேக்கர் குழு 1995இல் பெருநிறுவன ஆல்பம் வெளியிட்டது. பழைய ரசிகர்களின் கோபத்துக்கு நடுவே அடுத்த ஆண்டே கலைந்தது. ரான்சிட் குழு பெரிய நிறுவனங்களை மறுத்து 'எபிடாஃப்' என்ற சிறு நிறுவனத்திலேயே இருந்து, 1995இல் தன் மிகச் சிறந்த ஆல்பத்தைக் கொடுத்தது. ஆக, வெளியே போனால்தான் வளர்ச்சி என்பதும் இல்லை, உள்ளே இருந்தால்தான் தூய்மை என்பதும் இல்லை. சிறு நிறுவனமாகவே இருந்த லுக்கவுட், ராயல்டி பாக்கி சேர்ந்துபோனதால் 2005இல் கிரீன் டேயின் ஆரம்ப ஆல்பங்களையே இழந்தது. அதுவரை அந்தக் குழு தன் பழைய ஆல்பங்களை அங்கேயே விட்டுவைத்திருந்தது. அவற்றின் விற்பனை அந்த நிறுவனத்தைப் பல ஆண்டுகள் தாங்கியது.

கதவு மூடியதன் காயம் 1995இன் 'இன்சோம்னியாக்' ஆல்பத்தில் அப்பட்டமாகத் தெரியும். '86' பாட்டு நேரடியாகக் கில்மனைப் பற்றியது. பிறந்த குழந்தையோடு விழித்திருந்த இரவுகளில் உருவான 'பிரெய்ன் ஸ்டூ'வில் ஐந்தே கார்ட்ஸ் மாடிப்படி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. தூக்கமின்மைக்கு இதைவிடப் பொருத்தமான இசை அமைவது கடினம். 'கீக் ஸ்டிங்க் பிரெத்' மெத் போதையில் பல் சொத்தையாகி உதிரும் கதை. கோடிக்கணக்கில் விற்ற ஆல்பத்துக்கு அடுத்ததாக இவ்வளவு கசப்பான, மெட்டுக்குச் சலுகை தராத ஆல்பத்தை வெளியிட்டவர்களைச் சந்தைக்கு அடிமையானவர்கள் என்று சொல்வது பொருந்தவில்லை. கிரீன் டேயின் ஆல்பங்களில் தன் தகுதிக்கு மிகக் குறைவாக மதிக்கப்பட்டது இது.

அடுத்து வந்த 'நிம்ராட்'டில்தான் 'குட் ரிடன்ஸ்' இருக்கிறது. தனிக் கிட்டார், தனிக் குரல், பின்னால் வயலின். பதிவின் தொடக்கத்தில் ஆம்ஸ்ட்ராங் இரண்டு முறை தப்பாக வாசித்து, வாய்க்குள் ஒரு வசவை முணுமுணுத்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். அந்தத் தடுமாற்றத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பங்க் குழு இப்படி ஒரு பாட்டை வெளியிடுவதே துரோகம் என்று அன்று சிலர் கருதினார்கள். பிரிந்து போகிற காதலிமேல் உள்ள கோபத்தில் எழுதிய பாட்டு, பள்ளி விடைபெறும் விழாக்களின் நிரந்தரப் பாட்டானது. கோபத்தைக் கேட்காமல் மெட்டை மட்டும் கேட்டார்கள் என்று அதைக் குறை சொல்லலாம். ஆனால் ஒரு பாட்டுக்குள் கோபமும் வாழ்த்தும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதை எழுதியவரே மறுக்கவில்லை. பல ஆண்டுகளாகக் கச்சேரியின் கடைசிப் பாட்டாக அதைப் பாடிவருகிறார்.

2000இல் வந்த 'வார்னிங்' அதிகம் விற்கவில்லை. 2002இல் பிளிங்க்-182 குழுவோடு சேர்ந்து சுற்றுப்பயணம் போனபோது, தாங்கள் போட்ட பாதையில் இளையவர்கள் முந்திக்கொண்டிருப்பது கண்ணெதிரே தெரிந்தது. அடுத்த ஆல்பத்துக்காகப் பதிவு செய்த நாடாக்கள் 2003இல் காணாமல் போயின. அவை உங்கள் மிகச் சிறந்த பாட்டுகளா என்று கவாலோ கேட்டார். இல்லை என்பதை மூவரும் ஒப்புக்கொண்டு, புதிதாக ஆரம்பித்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் 2004இன் 'அமெரிக்கன் இடியட்'. ஈராக் போர் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி போரை நாள் முழுவதும் காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில் புறநகர்ப் பையன் ஒருவன் வீட்டை விட்டுப் போய், நகரத்தில் சிதைந்து, திரும்பி வரும் கதையை முழு ஆல்பமாகச் சொன்னார்கள். 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா' ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும், ஐந்து பகுதிகள் கொண்ட பாட்டு. பங்க் எதை எதிர்த்துப் பிறந்ததோ அந்த நீண்ட ராக் கச்சேரி வடிவத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்ற குறை எழுந்தது. ஆனால் நீளம் எப்படி வந்தது என்று பார்த்தால் அந்தக் குறை நிற்காது. ஒலிக்கூடத்தில் தனியாக இருந்த டர்ன்ட் விளையாட்டாக முப்பது விநாடிப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார். மற்றவர்கள் ஆளுக்கு முப்பது விநாடி சேர்த்து அதை நீட்டினார்கள். அதே ஆல்பத்தின் இன்னொரு நீண்ட பாட்டான 'ஹோம்கமிங்' வளர்ந்த விதம் அது. சின்னச் சின்னப் பங்க் பாட்டுகளைக் கோத்துக் கட்டிய மாலைதான் அந்த நீளம். ஒவ்வொரு துண்டும் கில்மன் அளவுக்கே சுருக்கமானது.

போரை எதிர்த்த ஆல்பம் என்று அது பெயர் பெற்றது நியாயமே. ஆயினும் அதன் நடுவில் இருக்கும் மிக நெருக்கமான பாட்டு அரசியல் பேசவில்லை. 'வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்' 1982 செப்டம்பரில் இறந்த அப்பாவுக்கான பாட்டு. இருபது ஆண்டுக்கு மேல் அதை எழுத ஆம்ஸ்ட்ராங்குக்குக் கை வரவில்லை. வீடியோவில் அது ஈராக்குக்குப் போகும் சிப்பாயின் கதையானது. 2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களும் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் குழுவுக்கு முதன்முறையாக முதலிடம் தந்தது, சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது, 2010இல் பிராட்வே நாடகமாகவும் மேடையேறியது.

எல்லாமே உயரமல்ல. 2012இல் மூன்று மாதங்களுக்குள் அடுத்தடுத்து வந்த மூன்று ஆல்பங்களில் ஒன்றுக்குப் போதுமான பாட்டுகளே இருந்தன. அந்த ஆண்டே ஆம்ஸ்ட்ராங் போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் போனார். 2020இன் 'ஃபாதர் ஆஃப் ஆல்' அரை மணி நேரம்கூட ஓடாத, வேகம் மட்டும் மிஞ்சிய ஆல்பம். இவற்றில் குறைவது ஆற்றல் அல்ல. பாட்டுக்குள் ஆள் இல்லை. பயப்படுகிற, வெட்கப்படுகிற அந்தக் குறிப்பிட்ட மனிதன் காணாமல் போகும்போது மெட்டு அந்தரத்தில் தொங்குகிறது. 2024இல் கவாலோ திரும்பி வந்து தயாரித்த 'சேவியர்ஸ்' அந்த மனிதனை மீட்டிருக்கிறது, ஐம்பது வயது முகத்தோடு.

பாப்-பங்க்கின் மேல் இன்னும் தீராத கேள்வி ஒன்று பெண்களைப் பற்றியது. 2000க்குப் பின் வந்த பல குழுக்கள் 'டூக்கி'யின் மெட்டை எடுத்துக்கொண்டு அதன் வெட்கத்தை விட்டுவிட்டன. தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்ட இடத்தில் பிரிந்துபோன பெண்ணைக் குற்றம் சொன்னார்கள். பாராமோர் குழுவின் ஹெய்லி வில்லியம்ஸ், தன் இளவயதில் எழுதிய 'மிசரி பிசினஸ்' இன்னொரு பெண்ணை இழிவு செய்கிறது என்று கருதி 2018இல் அதைப் பாடுவதைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்தார். இந்த வகை இசைக்குள்ளிருந்தே வந்த தீவிரமான சுயபரிசோதனை அது. இன்று அந்த மெட்டில் புதிதாகப் பேசுகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் லிண்டா லிண்டாஸ், 2021இல் ஒரு பொது நூலகத்தில் இனவெறியையும் பெண் வெறுப்பையும் எதிர்த்து வாசித்த வீடியோ மூலம் உலகத்துக்குத் தெரிந்த சிறுமிகள், 2024இல் கிரீன் டேயின் அமெரிக்கச் சுற்றுப்பயண மேடையில் வாசித்தார்கள். அதே பயணத்தில் ரான்சிட்டும் இருந்தது. 'டூக்கி'யும் 'அமெரிக்கன் இடியட்'டும் ஒவ்வோர் இரவும் முழுமையாக வாசிக்கப்பட்டன. அந்தப் பாட்டுகளை 2025 மார்ச்சில் மும்பை லொல்லபலூசா விழாவில் இந்திய ரசிகர்களும் நேரில் கேட்டார்கள்.

கில்மன் தெருவுக்கு அவர்கள் திரும்பியது 2015 மே 17 அன்று. தீ விபத்தில் நட்டமடைந்த ஒரு பதிப்பகத்துக்காகவும் அச்சகத்துக்காகவும் நடந்த நிதி திரட்டும் கச்சேரி. விதி ரத்தாகிவிட்டதாக யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு நாளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது, அவ்வளவுதான். விதி அப்படியே இருக்கட்டும். அது இருந்ததால்தான் அந்தக் கூடம் இன்னும் இருக்கிறது.

புதிதாகக் கேட்க நினைப்பவருக்குப் பிரபலமான பாட்டுகளை யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அவை தாமாகவே காதில் விழும். 'கெர்ப்ளங்க்' ஆல்பத்தின் 'கிறிஸ்டி ரோடு', 'இன்சோம்னியாக்'கின் 'பேனிக் சாங்', 'வார்னிங்'கின் 'மேசிஸ் டே பரேட்', 'அமெரிக்கன் இடியட்'டின் கடைசிப் பாட்டான 'வாட்சர்நேம்' ஆகிய நான்கையும் தேடிக் கேட்க வேண்டும். 'பேனிக் சாங்'கில் பாட்டு தொடங்குவதற்கு முன் நெடுநேரம் கருவிகள் மட்டுமே ஒலிக்கின்றன. அங்கே கிட்டாரை விட்டுவிட்டு டர்ன்ட்டின் வலது கையைப் பின்தொடர்ந்தால், இந்தக் குழுவில் மெட்டைச் சுமக்கிறவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும்.